சத்தமில்லாத எஞ்சினை ஏன் திறக்கிறாய்?

“சத்தமே போடாத எஞ்சினை ஏன் பிள்ளை திறக்கிறாய்? நித்திரை கொள்ளுற குழந்தையை எழுப்பியோ பால் குடுக்கிறது?”

பொன்னுத்துரை ஐயா இதைச் சொன்னதும் ஷெட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவும் இல்லை. அவர் எங்கள் போர்மன். அவர் ஒரு வண்டியை நல்லது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்த ஷெட்டில் எனக்கு வேலை முடிந்துவிட்டது. மானேஜர் அதை ‘ஓய்வு’ என்று சொன்னார். இந்தச் சின்ன வயதில் ஓய்வு பெற்றவள் கொழும்பில், இந்தக் கொட்டாஞ்சேனை முழுவதிலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் தெருவில் மாலை வகுப்புக்குப் போகும் பெண்கள் என்னைப் ‘பென்ஷன் அக்கா’ என்கிறார்கள். பென்ஷன் ஒன்றும் கிடையாது, பெயர் மட்டும்தான். அவர்களில் இரண்டு பேர் மோட்டார் வேலை பழகத் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஸ்கூட்டரின் வால்வை நேரத்துக்கு நேரம் திறந்து பார்க்கத்தான் வேண்டுமா? அல்லது வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளச் செய்யும் வேலையா? ஓம், பார்க்கத்தான் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. சொல்ல வாயெடுத்தபோது பொன்னுத்துரை ஐயாவின் குரல் குறுக்கே வந்தது. அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுதிப் பார்த்தாலாவது கால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

என் அப்பா கொலன்னாவையில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிறவர். சம்பளம் வாங்குமிடத்தில் பெருவிரலை மையில் தோய்ப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. கேட்பவர்களுக்கு அலுக்கும் என்பதும் தெரியும். உலகப் போர்க்காலத்தில் இரத்மலானை விமானத்தளத்தில் ஆள் எடுத்தார்கள். அங்கே ஓடிய சின்னச் சக்கர ஸ்கூட்டர்களுக்கு வந்த கைநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை மெக்கானிக்குகளுக்கு வாசித்துச் சொல்லத்தான் என்னைச் சேர்த்தார்கள். வாசித்தபடி நின்றேன், பிறகு குனிந்து பார்த்தேன், பிறகு ஸ்பானரை வாங்கிக்கொண்டேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

“இதுக்கா உன்னயப் படிக்க வச்சேன்? பீப்பா உருட்டுறவன் கையைவிடக் கறுப்பா இருக்கு” என்றார் அப்பா.

“கறுப்புத்தான் அப்பா. ஆனா கையெழுத்துப் போடுது.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது எனக்குக் கை கழுவ ஒரு போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்.

போர் முடிந்ததும் அந்த ஸ்கூட்டர்கள் ஏலத்துக்கு வந்தன. கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு மருந்து மொத்தக் கடை சிலவற்றை வாங்கியது. துறைமுகத்தில் இறங்கும் மருந்தை வெள்ளவத்தை வரைக்கும் உள்ள டிஸ்பென்சரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அவை உதவின. வண்டிகள் வந்த வழியே நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. பொன்னுத்துரை ஐயாவுக்குத் தெரிந்ததெல்லாம் கார்தான்.

வால்வு பார்ப்பது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சினின் பக்கத்தில் இரண்டு திருகாணிகளால் பூட்டிய ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு வால்வின் கால்கள் தெரியும். ஒன்று பெட்ரோல் காற்றை உள்ளே விடுவது, மற்றது எரிந்த புகையை வெளியே விடுவது. ஒவ்வொரு காலின் கீழும் அதை மேலே தள்ளும் ஒரு குட்டித் தண்டு உண்டு. அதை டெப்பட் என்போம். காலும் டெப்பட்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் மயிரிழை அளவு இடம் வேண்டும். அந்த இடத்துக்குள் மெல்லிய எஃகுத் தகட்டை விட்டு இழுத்துப் பார்ப்போம். மூடிய புத்தகத்துக்குள் இருந்து ஒரு தாளை உருவுவது போல் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இடம் கூடவோ குறையவோ இருந்தால் டெப்பட்டின் தலையில் உள்ள திருகாணியால் சரிசெய்யலாம்.

எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் இனித்தான் வருகிறது. இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். காது கூசும், ஆனால் எஞ்சினுக்குப் பெரிய கேடு இல்லை. இடைவெளி இல்லாமல் போனால் சத்தமே வராது. எஞ்சின் சூடேற வால்வின் கால் நீளும், நீள இடம் இல்லாததால் வால்வு முழுதாக மூடாது. நெருப்பு அந்தச் சந்தால் ஒழுகி வால்வின் விளிம்பைத் தின்னும். பெரிய காரில் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிறது. இந்தச் சின்ன எஞ்சினுக்குக் காற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

பொன்னுத்துரை ஐயா காலையில் வெள்ளவத்தையிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். எண்ணெய் அவரைத் தொட்டு நான் கண்டதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீளத் திருப்புளியின் நுனியை அதன் பக்கத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடாது. தெருவில் மாட்டு வண்டி போனால் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். சில வண்டிக்காரர் என்னவோ ஏதோ என்று நின்றும் இருக்கிறார்கள். கண்ணைத் திறக்கும்போது தீர்ப்புத் தயாராக இருக்கும். பிஸ்டன் என்றால் பிஸ்டன்தான், பெயரிங் என்றால் பெயரிங்தான். நான் பார்த்தவரை அவர் பிழைவிட்டது மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியதாக ஆகாது.

ஆனால் அவர் தொழில் பழகியது கறுவாத்தோட்டத்துப் பெரிய வீட்டுக் கார்களில். அந்த வீட்டுத் துரைமாருக்கு எஞ்சின் ஓடுவதே கேட்கக்கூடாது. டிக் என்று ஒரு சத்தம் வந்தால் டிரைவருக்கு ஏச்சு விழும். ஆகவே ஐயா டெப்பட்டைக் காதால் பூட்டப் பழகியிருந்தார். எஞ்சின் ஓட ஓடத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சத்தம் மறையும் இடத்தில் பூட்டிவிடுவார். ஸ்கூட்டர்களையும் அப்படியே செய்து கொடுத்தார். மருந்து கொண்டுபோகும் ரைடர்மாருக்கு அது பெருமையாகப் போயிற்று. “என்ட வண்டி பூனை மாதிரி” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

பூனைகளில் முதல் பூனை நவாஸ் நானாவின் வண்டி. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இவர் மாளிகாவத்தைக்காரர், அகலத் தோள், வாய் நிறையப் பகிடியும் சிரிப்பும். நான் கறுத்த கையோடு நின்றால் “தங்கச்சிக்கு மருதாணி நல்லாப் புடிச்சீக்கி” என்பார். வெள்ளவத்தைப் பக்கம் முழுக்க அவர்தான் மருந்து கொண்டுபோவார். கந்தோரில், அதாவது கடை அலுவலகத்தில், பெட்ரோலை அளந்துதான் கொடுப்பார்கள். அவருக்கு மட்டும் போதவில்லை. முதலில் கொஞ்சம் கூடக் கேட்டார், பிறகு இன்னும் கேட்டார். காலி வீதி வழியே திரும்பி வரும்போது வண்டி இழுக்கவில்லை என்றார். மானேஜர் ஒரு நாள் பகல் ஷெட்டுக்கு வந்தார். கொழும்பில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்த மனிதர், தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார்.

“மற்ற வண்டி குடிக்காத பெட்ரோல் இவர் வண்டி மட்டும் குடிக்குது. ஒன்று வண்டி பிழை. இல்லை என்றால் மனுஷன் பிழை. இன்றைக்குப் பின்னேரம் எனக்குத் தெரிய வேணும்.”

நவாஸ் நானா பெட்ரோலை எடுத்து விற்கிறார் என்பதை மானேஜர் வாயால் சொல்லவில்லை. ஷெட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஐயா எஞ்சினை ஓடவிட்டார், திருப்புளியைக் காதில் வைத்தார், கண்ணை மூடினார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

“இந்த ஷெட்டிலை இதைப்போலை அமைதியான எஞ்சின் வேறை இல்லை” என்றார். “வண்டியிலை பிழை இல்லை.”

மானேஜர் தலையாட்டிவிட்டுக் கந்தோருக்குப் போனார். நவாஸ் நானா என் பக்கம் திரும்பினார். பகிடி எல்லாம் வற்றிப்போன முகம்.

“வண்டி நல்லமாம்ண்டு செல்லிட்டாரு, தங்கச்சி. அப்ப கள்ளன் நான்தானே?”

அப்போதுதான் நான் திருப்புளியை எடுத்தேன். நான் முதல் வரியில் எழுதிய அந்தச் சொல்லை ஐயா சொன்னார்.

“இந்த எஞ்சினில் சத்தம் இல்லாததுதான் ஐயா எனக்குப் பயம்” என்றேன்.

“என்ரை காதிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?”

“இருக்குது. காதுக்குக் கேட்கிறதைக் கேட்டீங்கள். இது கேட்காத பிழை.”

அவர் தன் நீளத் திருப்புளியைக் கீழே வைத்தார். “சரி. திற. ஒண்டும் இல்லையெண்டால் நாளைக்கு இந்த ஷெட்டுக்குள்ளை வராதை. கந்தோரிலை மேசை தருவினம், அங்கை இருந்து பில் எழுது. படிச்ச பிள்ளைதானே.”

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் எஞ்சினில் கையை வைத்தேன். நெருப்பாகச் சுட்டது. நவாஸ் நானா வெள்ளவத்தைக்குப் போய் வந்து இறங்கிக் கொஞ்ச நேரம்தான். போதாததற்கு ஐயா வேறு ஓடவிட்டிருந்தார்.

“என்ன நிக்கிறாய்? அளந்து காட்டு” என்றார் ஐயா.

“ஆற வேணும் ஐயா.”

நவாஸ் நானா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “சூட்டுல அளந்தா இடம் இல்லண்டுதானே காட்டும்?”

“ஓம். நல்ல எஞ்சினும் சூட்டுல குறைச்சுத்தான் காட்டும்.”

“அப்ப அளங்களே! எனக்கு அதுதானே வேணும்.”

“நாளைக்கு வேற ஒருத்தர் ஆற வச்சு அளந்து, இடம் இருக்குன்னு காட்டினா? பிறகு உங்களையும் நம்ப மாட்டாங்க, என்னையும் நம்ப மாட்டாங்க, நானா.”

அவர் போய் வாசற்படியில் இருந்தார். பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், அது அவர் பக்கத்திலேயே ஆறிப்போனது. எஞ்சின்தான் ஆறவில்லை. கொழும்பு வெயிலில் எது சுருக்காக ஆறும்? நான் அதன் பக்கத்தில் நின்றேன், தெருவுக்குப் போனேன், திரும்பி வந்தேன், கையை வைத்துப் பார்த்தேன், எடுத்தேன். ஆறிய பிறகு இடைவெளி சரியாக இருந்துவிட்டால்? அப்போது நவாஸ் நானாவைக் கள்ளன் என்று சாட்சி சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். அவர் சொன்னபடி சூட்டிலேயே அளந்திருக்கலாமோ என்று ஒரு தரமல்ல, பல தரம் நினைத்தேன். மானேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

“தண்ணி ஊற்றுங்க, மிஸ். சுருக்கா ஆறும்.”

“ஊற்றினா இரும்பு விரிசல் விட்டிடும் சேர். பிறகு வண்டியும் பிழை, மனுஷனும் பிழை.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். நவாஸ் நானா எழுந்து முகம் கழுவி, ஷெட்டின் பின்பக்கம் தொழப் போனார். அவர் திரும்பி வந்தபோது என் உள்ளங்கையை எஞ்சினில் வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தது.

பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, மூடியின் திருகாணி இரண்டையும் கழற்றினேன். பெட்ரோல் வால்வில் தகடு லேசாகப் போய் வந்தது. ஐயா “ம்” என்றார். புகை வால்வில் வைத்தேன். போகவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தேன். போகவில்லை. இருந்ததற்குள் ஆக மெல்லிய தகடு காகிதம் போல் மடிந்ததே தவிர உள்ளே நுழையவில்லை.

“ஐயா, நீங்களே பாருங்க” என்று தகட்டைக் கொடுத்தேன். அவர் குனிந்து வைத்துப் பார்த்தார். முதன்முறையாக அவர் கை நகத்தில் எண்ணெய் பட்டது. “வால்வை வெளியிலை எடு” என்றார்.

எடுத்தேன். விளிம்பில் ஒரு பக்கம், பல்லால் கடித்த பிஸ்கட் போல ஒரு துண்டு இல்லை. ஐயா சட்டைப் பையிலிருந்த வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து அந்த வால்வைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மானேஜரிடம் கொடுத்தார்.

“இந்த ஓட்டையாலைதான் உங்கடை பெட்ரோல் போனது. நவாஸிலை பிழை இல்லை. ஷெட்டிலை பிழை.”

ஷெட்டில் யார் என்று மானேஜர் கேட்கவில்லை. ஐயாவும் சொல்லவில்லை. நவாஸ் நானாவுக்குப் பகிடி திரும்பி வந்துவிட்டது. “நல்லம். ஷெட்டைப் பொலிசுல புடிச்சுக் குடுக்கேலாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்வது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆனால் மானேஜர் போன பிறகு ஐயா கை கழுவிக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார்.

“இந்த டெப்பட்டைப் பூட்டினது நான்தான். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒண்டை யோசிச்சுப் பார், பிள்ளை. இது திறக்காமல் விட்டதாலை வந்த பிழை இல்லை. திறந்ததாலை வந்த பிழை. நான் அந்த மூடியைக் கழற்றாமல் விட்டிருந்தால் அந்த வால்வு இண்டைக்கும் நல்லாய் இருந்திருக்கும். நீ இனிக் கிழமைக்குக் கிழமை திறக்கப் போறாய். உன்ரை கை மட்டும் பிழைவிடாதோ?”

வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அது இன்னும் போகவில்லை.

மானேஜர் அன்று போகுமுன்பே ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும், ரைடர்மார் வருமுன், எல்லா வண்டியின் வால்வையும் நான் பார்க்க வேண்டும். பார்த்தேன். இரண்டொரு வண்டியில், ஐயா காதால் பூட்டியவற்றில், இடம் இறுகியிருந்தது. விளிம்பு கருகுமுன் சரிசெய்தேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை திறப்பேன், தகடு பிடித்துக்கொண்டு வரும், மூடுவேன். புது வால்வு போட்ட வண்டியில் மட்டும் தொடக்கத்தில் இடம் கொஞ்சம் குறையும். வால்வு தன் இருக்கையில் படியும்போது அப்படித்தான். மற்றபடி எல்லாம் சரி, எல்லாம் சரி, எல்லாம் சரி. ஒரு வேலையில் எல்லாம் சரியாக இருப்பதைப்போல மனதை அரிப்பது வேறில்லை. பிழை கிடைக்காதா என்றுகூட ஏங்கியிருக்கிறேன்.

மானேஜரும் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கந்தோருக்குக் கூப்பிட்டார். பொன்னுத்துரை ஐயாவும் அங்கே இருந்தார்.

“மிஸ், ஒன்றும் கண்டுபிடிக்காத வேலைக்கு ஒரு ஆள் வேணுமா?” என்று கேட்டார். இனி வண்டிகளை ரைடர்மார் தங்கள் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும், வண்டிக்கு அவரவரே பொறுப்பு, குறை இருந்தால் மட்டும் ஷெட்டுக்கு வரலாம், எனக்கு இனி ‘ஓய்வு’ என்றார். சிரித்தபடி ஐயாவைக் காட்டி, “இவர் சொல்லுறது சரிதானே? தூங்குற பிள்ளையை எழுப்பிப் பால் குடுக்கிறதா?” என்றார்.

“பால் குடுக்கல்ல சேர். மூச்சு வருதான்னு மூக்குக்குக் கிட்டக் கையை வச்சுப் பாக்கிறது. பிள்ளை பெத்தவங்க எல்லாரும் செய்யிறதுதான். நல்லாத் தூங்குற பிள்ளைக்கும் செய்யிறதுதான்.”

மானேஜர் ஐயாவைப் பார்த்தார். ஐயா ஜன்னலைப் பார்த்தார். எனக்காக ஒரு சொல் சொல்வார் என்று நான் நின்றேன். அவர் சொல்லவில்லை. எனக்கு எதிராகவும் சொல்லவில்லை. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்குள் அவருடைய பழைய கேள்விக்கு எனக்குப் பாதிப் பதில் கிடைத்திருந்தது.

ஆகவே, கேட்ட பெண்களுக்கு: ஒவ்வொரு கிழமையும் தேவையில்லை. அதில் மானேஜர் சொன்னது சரி. புது வால்வு போட்டால் சீக்கிரம் ஒரு தடவை பார், பிறகு நல்ல தூரம் ஓடவிட்டுப் பார். ஆற வைத்துப் பார். காதை நம்பாதே, அது பொன்னுத்துரை ஐயாவின் காதாக இருந்தாலும். இடைவெளி சரியாக இருந்தால் திருகாணியைத் தொடாமல் மூடு. திறப்பது வேறு, திருகுவது வேறு. ஐயா இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார். பத்துத் தரம் திறந்து ஒன்றும் இல்லை என்றால் அந்த வேலை வீண் என்று நினைக்காதே. வண்டி நல்லது என்று காதால் சொன்னதை நம்பித்தான் ஒரு மனிதரைக் கள்ளனாக்கப் பார்த்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லுகிறவர் உள்ளே பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதிப் பதில், என் கையும் பிழைவிடாதோ என்பதற்கான பதில், என்னிடம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தரமும் மூடுமுன் இரண்டாம் தரமும் தகட்டை விட்டுப் பார்க்கிறேன்.

வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் தெருவின் முடிவில் ஒரு விறகுக் கடை மூடிக் கிடந்தது. அதன் பின்பாதியை வாடகைக்கு எடுத்து எனக்கென்று ஒரு சின்ன ஷெட் வைத்தேன். அப்பா வந்து ஒரு பீப்பாயைக் கவிழ்த்து மேசையாக்கித் தந்தார். வாசலில் என் பெயரை நானே எழுதினேன், பெரிய எழுத்தில். அப்பாவால் அதை வாசிக்க முடியாது. ஆனால் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

நேற்றுப் பின்னேரம் நவாஸ் நானா வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். விடியும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று இப்போது அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் போகுமுன் குறை என்ன என்று கேட்டேன். “ஒரு கொறையும் இல்ல. பெட்ரோலும் கூடக் குடிக்கல்ல, சத்தமும் இல்ல. அதுதான் கொண்டுவந்தன்” என்றார்.

இதை எழுத உட்காருமுன் பிளக்கைக் கழற்றிவிட்டேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். பக்க மூடியின் இரண்டு திருகாணிகளும் எனாமல் கோப்பையில் கிடக்கின்றன.